சிலம்பிற் கனவுகள் மூன்று

சிலப்பதிகாரத்தைக் கற்போர் அதனுள் வரும் கனவுகளை விரைந்து கடந்து செல்வது வழக்கம். பின்னர் நிகழ இருப்பதை முன்னர் உணர்த்தும் குறிகள் அவை என்றும், ஊழின் வலியைப் புலப்படுத்தவே இளங்கோவடிகள் அவற்றை அமைத்தார் என்றும் இரண்டு வாக்கியங்களில் விடை எழுதிவிடலாம். பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைக்கும். இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று. நிகழப்போவதை அறிவித்தல் மட்டுமே நோக்கமாயின் ஒரு கனவே போதும். அடிகள் மூன்று கனவுகளை வைத்தார். மூவர் கண்டதாக வைத்தார். மூன்றையும் வெவ்வேறு செவிகளிற் சேர்த்தார். யார் எதைக் கண்டார், யாரிடம் சொன்னார், எவ்விடத்தில் நாவை அடக்கினார் என்பவற்றை நோக்கும்போது இக்கனவுகள் வருங்காலத்தைக் காட்டுவதைப் போலவே கண்டவருடைய உள்ளத்தையும் காட்டுகின்றன என்பது தெளிவாகும். ஈண்டு ஆராயப் புகுவது அதுவே.

கனவை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையது. கனவு கண்ட யாமத்தைக் கொண்டு பலன் எப்பொழுது வாய்க்கும் எனக் கணிக்கும் நூல்கள் எழுந்தன. இன்றும் பல் விழக் கனவு கண்டவர் காலையில் எழுந்து பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தைப் புரட்டுவதை நம் வீடுகளிற் காணலாம். எனினும், கனவைக் கண்டவரிடமிருந்தே விளங்கிக்கொள்ளும் நெறியும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கனவையும் ஒரு மெய்ப்பாடாக எண்ணுகின்றார். மெய்ப்பாடு என்பது அகத்தில் உள்ளது புறத்தே தோன்றுதல். துஞ்சல், அரற்று என்பவற்றை அடுத்துக் கனவு நிற்கின்றது. உறங்குவதும் வாய்விட்டுப் புலம்புவதும் போன்றே கனவும் உள்ளத்தின் வெளிப்பாடு என்பது அவர் கருத்தாதல் வேண்டும். திருவள்ளுவர் காமத்துப்பாலிற் கனவுநிலை உரைத்தற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறளிலும் நிமித்தம் என்ற பேச்சே இல்லை. நனவில் வாராதவன் கனவில் வருகின்றான், அதனால் உயிர் தங்குகின்றது என்று தலைவி கூறுவதே உள்ளது. பிருகதாரணியக உபநிடதத்தில் யாஞ்ஞவல்கியர் சனகனுக்கு உரைக்குமிடத்து, கனவில் தேருமில்லை, வழியுமில்லை, அவற்றைத் தானே படைத்துக்கொள்பவன் கனவு காண்பவனே என்று விளக்குகின்றார். கனவைப் புறத்திலிருந்து வரும் ஓலையாகக் கருதாது, உள்ளிருப்பவன் தனக்குத்தானே எழுதிக்கொள்வதாகக் கருதும் பார்வை இது.

மேனாட்டார் இப்பார்வைக்கு மிகப் பிந்தியே வந்தனர். வியன்னா நகர மருத்துவராகிய சிக்மண்ட் புரொய்ட் கனவுகளின் விளக்கம் பற்றிய தம் நூலை 1899ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டார். நூலின் முகப்பில் 1900 என்றே அச்சிடப்பட்டது. முதற் பதிப்பின் 600 படிகள் விற்றுத்தீர எட்டு ஆண்டுகள் சென்றன. விழித்திருக்கும்போது நாம் ஒப்புக்கொள்ள மறுக்கும் விருப்பங்களே வேடமிட்டுக் கனவில் வருகின்றன என்பது அவர் கொள்கை. போர்க்களத்தில் அதிர்ச்சியுற்றோர் அதே அச்சத்தை இரவுதோறும் காண்பதை நோக்கி, எல்லாக் கனவும் விருப்ப நிறைவு ஆகா என்பதை 1920இல் அவரே ஒப்புக்கொண்டார். 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறக்கத்தினிடையே விழிகள் விரைந்து அசையும் வேளைகளைக் கண்டறிந்தபின், கனவு உடலியலாரின் ஆய்வுப் பொருளாயிற்று. 1977இல் ஹொப்சன், மக்கார்லி என்னும் இருவர், மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டல்களை மூளை தன்னால் இயன்ற அளவு கோவைப்படுத்துவதே கனவு என்றனர். அவர் கூற்றே மெய்யென்று வைத்துக்கொள்ளினும், கோவைப்படுத்துபவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கும். ஒரே தூண்டலை ஒருவர் தேராகவும் மற்றொருவர் தேளாகவும் காண்பாராயின் அவ்வேறுபாடு அவரவர்க்கே உரியது. புரொய்டின் முடிபுகள் பலவற்றை இன்றைய உளநூலார் ஏற்பதில்லை. ஆயினும், கனவைச் சொல்பவர் தயங்கும் இடமே கவனிக்கத்தக்க இடம் என்று அவர் கூறியது இலக்கியம் கற்பார்க்கு இன்றும் பயன்படும்.

இனிக் கண்ணகியின் கனவை நோக்குவாம்.

நம் நாட்டினராகிய எமக்கு இதில் ஓர் இடர் உண்டு. வற்றாப்பளையிற் பொங்கலிட்டும், மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கில் வழக்குரை பாடக் கேட்டும் வளர்ந்தவர்க்குக் கண்ணகி அம்மனாகவே முதலில் தோன்றுகின்றாள். மணவறையில் பன்னிரண்டு வயதினளாய் இருந்த ஒரு பெண்ணாக, கணவன் பிரிந்தபின் உறக்கமின்றிக் கிடந்த ஒருத்தியாக அவளை எண்ணிப்பார்ப்பது எளிதன்று. கனாத்திறம் உரைத்த காதை அப்பெண்ணையே நமக்குக் காட்டுகின்றது. தோழி தேவந்தி கோயிலில் வழிபட்டு வந்து, நீ கணவனைப் பெறுவாயாக என வாழ்த்துகின்றாள். பெற்றாலும் என் நெஞ்சம் ஐயுறுகின்றது, ஒரு கனவு கண்டேன் என்று கண்ணகி தொடங்குகின்றாள். கணவன் அவள் கையைப் பிடித்து அழைத்துச் சென்றான். இருவரும் ஒரு பெரிய நகரிற் புகுந்தனர். அவ்வூரார் அவர்கட்குப் பொருந்தாத ஒரு பழிச்சொல்லைத் தேளை எடுத்து மேலே இட்டாற்போல் இட்டனர். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது எனக் கேட்டு அவள் அரசன்முன் சென்று வழக்குரைத்தாள். அரசனுக்கும் ஊருக்கும் ஒரு தீங்கு உண்டாயிற்று. இவ்விடத்தில் அவள் நிறுத்துகின்றாள். அதனைச் சொல்லமாட்டேன் என்கின்றாள். பின்பு, தீங்குற்ற அவனோடு தான் பெற்ற நற்பேற்றைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும் என்று மட்டும் கூறி முடிக்கின்றாள்.

இக்கனவு அப்படியே பலித்தது என்பதை யாவரும் அறிவர். பலித்தது என்பதனோடு நின்றுவிடுவதாலேயே அதன் உட்பொருள் தவறிப்போகின்றது. கனவின் முதற் செய்தி என்ன? அவன் கையைப் பிடித்தான் என்பது. மாதவி மனையே தன் மனையாகக் கொண்டு கண்ணகியைக் கோவலன் மறந்திருந்த காலம் அது. பகலில் அவள் யாரிடமும் கேளாத ஒன்றைக் கனவு முதலடியிலேயே கொடுத்துவிடுகின்றது. ஆனால் இனிமையாகத் தொடங்கிய கனவு அவ்வினிமையிலே நிற்கவில்லை. கைப்பிடித்த வழியே பழிக்கு இட்டுச் செல்கின்றது. தேளின் கடுப்பையும் தன்மேல் இடப்பட்டதாகவே அவள் உணர்கின்றாள். அவனோடு சேர்தலும் துன்புறுதலும் அவள் உள்ளத்தில் ஏற்கெனவே ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. கணவன் திரும்பினாலும் பழைய வாழ்வு திரும்பாது என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆனால் அவ்வறிவைப் பகலில் வெளியிடவில்லை.

அடுத்தது, அரசன்முன் வழக்குரைத்தல். சிலம்பைப் பற்றி எழுதியோர் பலரை இடர்ப்படுத்திய ஒரு வினா உண்டு. புகாரில் ஒரு கடுஞ்சொல்லும் கூறாது அடங்கியிருந்த கண்ணகி மதுரையில் எரியாக எழுந்தது எங்ஙனம்? ஒரே பெண்தானா இருவரும்? பாத்திரப் படைப்பில் இஃதொரு பிளவு என்று குறை கூறுவாரும் உளர். பத்தினித் தெய்வமாகும் பொருட்டு நேர்ந்த அற்புத மாற்றம் என்று அமைதி கூறுவாரும் உளர். இரு சாராரும் ஒன்பதாம் காதையை மறந்துவிடுகின்றனர். புகார்க் காண்டத்திலேயே, தன் மாளிகையிலேயே, அரசனை எதிர்த்துப் பேசியவள் கண்ணகி. கனவிற் பேசினாள். பேசும் ஆற்றலும் ஊரின் அழிவைக் காணும் நெஞ்சுரமும் மதுரையில் வானிலிருந்து இறங்கியவை அல்ல. அடக்கத்தின் அடியில் நெடுநாளாகக் கிடந்தவை. மாறியது கண்ணகியல்லள். கனவிற் கண்டதை நனவிற் செய்யும் நிலைமை மதுரையில் வாய்த்தது. இவ்வொரு குறிப்பிற்காகவே அக்கனவு அங்கே வைக்கப்பட்டது என்று கூறினும் மிகையாகாது.

அவள் தயங்கிய இடங்கள் இரண்டு. ஊர்க்குற்ற தீங்கைச் சொல்ல மறுத்தாள். தான் பெற்ற நன்மையைச் சொல்ல நாணினாள். அழிவை எண்ணி அஞ்சுவது இயல்பு. ஆனால் நன்மையைக் கூற நாணுவானேன்? கணவனாற் கைவிடப்பட்ட ஒருத்தி, அவனோடு மேலுலகு சென்றதாகக் கனவு கண்டேன் என்று தோழியிடம் சொன்னால் நகைப்புக்கே இடமாகும். தன் ஆசை எத்துணைப் பெரிது என்பது பிறர்க்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் அது. மனித உள்ளத்தை இவ்வளவு நுட்பமாகக் கண்ட புலவர் சிலரே.

தேவந்தி அக்கனவை எங்ஙனம் கேட்டாள்? கணவன் உன்னை வெறுக்கவில்லை, முற்பிறப்பில் அவன் பொருட்டுக் காக்கவேண்டிய ஒரு நோன்பில் நீ தவறினாய், அத்தீங்கு கெடுவதாக, காவிரி கடலொடு கலக்குமிடத்துச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் இம்மையிற் கணவரோடு இன்புற்று வாழலாம் என்கின்றாள். அன்பினாற் கூறிய சொல்லே அது. ஆயினும் கனவில் வந்த நகரம், பழி, அரசன், அழிவு என்பவற்றுள் ஒன்றையேனும் அவள் வினவவில்லை. தேவந்தியின் கதையை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும். தெய்வமாகிய பாசண்டச் சாத்தன் அவளுடன் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து பின் நீங்கினான். அவன் மீளவேண்டும் எனக் கோயிலை வழிபட்டு நாள் கழித்தவள் அவள். பிறர் கனவைக் கேட்கும்போது நம் கதையையே நாம் கேட்கின்றோம். கண்ணகியின் கனவிலும் தேவந்தி பிரிந்த கணவனை மட்டுமே கண்டாள். எரியும் நகரத்தைக் காணவில்லை. கண்ணகி அவ்வழிபாட்டை, அது பெருமை தருவதன்று எனச் சுருங்க மறுத்துவிட்டாள்.

அந்நேரத்திற் கோவலன் வாயிலில் வந்து நிற்கின்றான். குலம் தந்த பொருட்குன்றத்தைத் தொலைத்த வறுமை நாணுத் தருகின்றது என்கின்றான். கண்ணகி முகத்தில் முறுவல் காட்டி, சிலம்பு உள்ளது, கொள்க என்கின்றாள். அதனை முதலாகக் கொண்டு மதுரை சென்று பொருளீட்டுவோம், புறப்படு என்று அவன் கூற, விடியுமுன் இருவரும் நகர் நீங்குகின்றனர். காப்பியத்தில் இதைவிட வியப்புக்குரிய மௌனம் வேறொன்று எனக்குத் தென்படவில்லை. சற்று முன்னரே பெருநகரில் நேரும் தீங்கைத் தோழிக்கு உரைத்தவள், பெருநகருக்குச் செல்வோம் என்ற கணவனிடம் அக்கனவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் திரும்பி வந்த மகிழ்ச்சியிற் கனவு மறந்தது என்று சொல்லலாமா? சொல்லலாகாது என்றே கருதுகின்றேன். கொலைக்களக் காதையில், மாதரி மனையில் இறுதி உணவு உண்டபின், கோவலனின் பெற்றோர் தன்னைக் காண வந்த நாள்களிற் காட்டிய முறுவல் உண்மையானதன்று என்றும், அதன்பின் இருந்த நோயை அவர்கள் உணர்ந்து வருந்தினர் என்றும் கண்ணகி தானே கூறுகின்றாள். ஒரு முறுவல் பொய்யென அவள் வாயாலேயே அறிந்தபின், மற்றொரு முறுவலை நாம் எங்ஙனம் ஐயுறாதிருத்தல் கூடும்?

மறைத்தவள் அவள் மட்டுமல்லள். கோவலனும் ஒரு கனவு கண்டான். மதுரைப் புறஞ்சேரியில், தலைச்செங்காட்டு மறையவனாகிய மாடலனிடம் அதனை உரைக்கின்றான். ஒரு கீழ்மகனால், அரசன் காவல் நகரில், கண்ணகி நடுங்கித் துயருற, தன் உடை பிறராற் கொள்ளப்பட, கொம்புடைய எருமைமீது தான் ஊர்ந்ததாகவும், பின் அவளோடு பற்றறுத்தோர் பெறும் நிலையை எய்தியதாகவும், மாதவி தன் மகள் மணிமேகலையைப் போதி நீழல் அறவோன்முன் அளித்ததாகவும் நள்ளிரவிற் கண்டேன் என்கின்றான். எருமை காலனின் ஊர்தி என்பது சொல்லாமலே விளங்கும்.

இக்கனவிற் கவனிக்கத்தக்கது அதன் வரிசை. தன் உடை பறிபோவதற்கு முன்னே கண்ணகியின் நடுக்கம் கூறப்படுகின்றது. பகலிலே தன் பொருளிழப்பைப் பற்றியே முதலிற் பேசிய கோவலன், கனவில் மனைவியின் துயரையே முதலிற் காண்கின்றான். வணிகர் குலத்தானுக்கு உடை என்பது மானமும் செல்வமும். அது பறிபோதல் அவன் ஏற்கெனவே அடைந்த நிலையின் உருவம். இறுதியில் மாதவியும் மகளும் வருகின்றனர். இதனை மாடலனுக்கு உரைப்பதற்குச் சிறிது முன்னரே, கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைப் படித்து, குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என அவன் தெளிந்திருந்தான். தான் பெயரிட்டுக் கொண்டாடிய மகளைத் தந்தையற்றவளாக விட்டு வந்த நினைவு கனவில் ஓர் அமைதியைத் தேடுகின்றது. அவளைப் போதியின் நிழலிற் சேர்த்தபின்னரே கனவு முடிகின்றது. கண்ணகியின் கனவிலோ மாதவிக்கு இடமே இல்லை. நனவில் அவளைப் பற்றி ஒருநாளும் பழித்துப் பேசாதவள் கனவிலும் அவளைக் கொண்டுவரவில்லை. அது பொறையா, அடக்கியதன் மிகுதியா என்பதைத் துணிதல் அரிது.

இனி இரு கனவுகளையும் அருகருகே வைத்து நோக்குக. பெருநகரும் அரசனும் இரண்டிலும் உள்ளனர். தீங்கு செய்யும் கீழ்மகன் கோவலன் கனவில் மட்டும் உளன். ஊரார் சுமத்தும் பழி கண்ணகி கனவில் மட்டும் உண்டு. அவள் கனவில் அவனுக்கு நேர்ந்தது செவிவழிச் செய்தி. அவன் கனவில் அது தானே பட்டது. அவள் கூற நாணிய நற்பேற்றை அவன் வெளிப்படையாகக் கூறுகின்றான். ஒருவர் கனவிற் குறைவதை மற்றவர் கனவு நிரப்புகின்றது. இரண்டும் சேர்ந்தாலே கதை முழுமையாகும். ஆனால் அவை சேரவில்லை. சோழநாடும் பாண்டிநாடும் ஒன்றாக நடந்த கணவனும் மனைவியும் தம் கனவை ஒருவர்க்கொருவர் சொன்னதாகக் காப்பியம் எங்கும் கூறவில்லை. அவள் தோழியிடம் சொன்னாள். அவன் மறையவனிடம் சொன்னான். கேட்டவர்கள் தந்த விடையும் ஒத்ததே. தேவந்தி நீராடச் சொன்னாள். மாடலனும் கவுந்தியடிகளும், துறவோர்க்குரிய இப்புறஞ்சேரி உனக்கு ஏற்றதன்று, பொழுது சாயுமுன் நகருட் புகுக என்றனர். எந்த நகரத்தை அஞ்சினானோ அந்நகருக்கே அவன் கனவைக் கேட்டவர்கள் அவனை அனுப்பினர்.

மூன்றாவது கனவு கோப்பெருந்தேவியுடையது. வெண்குடையும் செங்கோலும் சாய்ந்து வீழ, வாயில் மணி ஓயாது நடுங்கி ஒலிக்க, எண்டிசையும் அதிர, இருள் கதிரவனை விழுங்க, இரவில் வானவில் தோன்ற, பகலில் விண்மீன் விழக் கண்டதாக அவள் கூறுகின்றாள். குடை, கோல், மணி ஆகிய அரசச் சின்னங்களும் வானத்து உற்பாதங்களும் அன்றி அக்கனவில் ஒரு மனிதருமில்லை, கண்டவளும் இல்லை. இவ்வொன்றே நிமித்தக் கனவு என்பதற்கு முற்றும் பொருந்துவது. கம்பர் சுந்தர காண்டத்திற் பாடும் திரிசடையின் கனவும் இத்தகையதே. இராவணன் எண்ணெய் பூசிய தலையோடு செவ்வாடை உடுத்துத் தென்றிசை செல்வதாகக் கண்ட அக்கனவை இலங்கையில் எவரும் கண்டிருக்கலாம். திரிசடையின் உள்ளத்தைப் பற்றி அதனால் நாம் அறிவது சிறிதே. கண்ணகி கண்ட கனவையோ கண்ணகி ஒருத்தியே காணல் கூடும். எனினும், கோப்பெருந்தேவி மற்ற இருவரும் செய்யாத ஒன்றைச் செய்தாள்: கனவைக் கணவனிடமே கொண்டுசென்றாள். முதல்நாள்தான் ஆடல் மகளிர்மேற் சென்ற மன்னன் பார்வையைப் பொறாது, தலைநோயைக் காரணங்காட்டி அவள் அவையினின்றும் நீங்கியிருந்தாள். அவ்வூடலைத் தீர்க்க விரைந்த விரைவிலேயே அரசன் ஆராயாது கொலைக்கு ஆணையிட்டான். அவள் கனவை உரைத்து அரசன் அரியணையில் அமர்ந்த வேளையிற் கண்ணகி வாயிலில் நிற்கின்றாள் என்று காவலன் வந்து அறிவித்துவிட்டான். சொல்லவேண்டிய செவியிற் சொன்ன ஒரே கனவு, காலம் கடந்தபின் சொல்லப்பட்டது.

இங்ஙனம் கூறுவது ஊழை மறுப்பதாகும் எனச் சிலர் கருதலாம். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைப் பதிகமே நூலின் மூன்று நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. கோவலன் புறப்பட்டதும் வினை செலுத்தியதனால் என்றே அடிகள் பாடினார். இன்னும் கண்டிராத பொற்கொல்லனைக் கோவலன் கனவிற் கண்டதற்கு உளநூலில் விடை இல்லை; விடையுண்டு எனப் பாவனை செய்தலும் வேண்டா. என் கூற்று இவ்வளவே: அடிகளின் நூலில் ஊழ் வெளியே நின்று கல் எறிவதில்லை. கண்ணகியின் முறுவலிலும், கோவலனின் நாணத்திலும், அரசியின் ஊடலிலும், அரசனின் விரைவிலும் புகுந்தே அது தொழிற்படுகின்றது. கனவிலே தம்மைத் தாம் கண்டவர்கள், கண்டதை உரிய இடத்திற் சொல்லாது அடக்கினர். அம்மௌனத்தின் வழியே ஊழ் நடந்தது.

இளங்கோவடிகளும் இதனை மறந்தாரல்லர் என்பதற்கு வஞ்சிக் காண்டத்தில் ஒரு சான்று உண்டு. கண்ணகிக்குச் சேரன் எடுத்த கோட்டத்திற்குத் தேவந்தி வந்து சேர்கின்றாள். மதுரையும் எரிந்து, கண்ணகியும் தெய்வமாகி, எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே அவள் அரற்றும் அரற்றில் முதலில் வருவது கணவரைப் பிரிந்த துயரன்று, ஊரின் அழிவுமன்று. தவமில்லாத யான் அத்தீய கனவைக் கேட்ட நாளில் அதன் பொருளை முற்ற உணராது இருந்துவிட்டேனே, என்ன செய்துவிட்டேன் என்றே அவள் புலம்புகின்றாள்.